தெரபி நாயோடு வீடு வீடாகப் போக: பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு வழிகாட்டி

நோயாளிகளையும் முதியவர்களையும் பார்க்கப் போய், அவர்கள் தடவிக்கொடுக்கும்படி பக்கத்தில் அமைதியாக இருக்கப் பழகிய நாயைத் தெரபி நாய் என்பார்கள். அந்த வேலைக்கு என் நாய் சுக்குவைக் கொண்டுபோக நினைத்தபோது, நான் முதலில் வாங்கியது ஒரு மஞ்சள் சட்டை. முதுகில் பெரிய எழுத்தில் ‘தெரபி டாக்’ என்று அச்சடித்திருக்கும். கூடவே சுக்குவின் படம் ஒட்டிய அடையாள அட்டை, தங்க நிறக் கரை போட்ட ஒரு சான்றிதழ். எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். ஆன்லைனில் பணம் கட்டிய ஐந்தாம் நாள் வீடு தேடி வந்துவிட்டது. நாயை யாரும் பார்க்கவில்லை, அது கடிக்குமா என்றுகூடக் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். வாசலில் நின்ற மேனேஜர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருக்கட்டுங்க, ரேபிஸ் ஊசி போட்ட புக் எங்கே?” என்றார். புக் என்னிடம் இல்லை. பொள்ளாச்சியில் ஊசி போட்டபோது ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது எந்தச் சட்டைப் பையில் துவைபட்டதோ.

அன்றிலிருந்து கணக்குப் போட்டால், சுக்கு முறையாக ஒரு நோயாளியின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது. வரிசை தெரிந்திருந்தால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும். நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கேரள எல்லைக்குள். ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசுவது தமிழ்தான். இங்கே இரண்டு மாநிலத்துக் காகிதங்களும் இரண்டு மொழிகளும் கலந்து கிடப்பதால், வெளியூர்க்காரர்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் நமக்கு உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு கொடுக்கும் தெரபி நாய் லைசென்ஸ் என்று நம் நாட்டில் எதுவும் கிடையாது. ஆகவே ‘அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்’ என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். சென்னையில் புளூ கிராஸ் ‘டாக்டர் டாக்’ என்ற பெயரில் இத்தகைய வருகைகளை நடத்தியிருக்கிறது. மும்பையில் அனிமல் ஏஞ்சல்ஸ் ஃபவுண்டேஷன் இருக்கிறது. இப்படிப்பட்ட அமைப்புகள் நாயை நேரில் பார்த்துச் சோதித்துவிட்டுத் தங்கள் பணிக்குச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தச் சோதனைக்குத்தான் மதிப்பு. நம் ஊரில் உங்களை உள்ளே விடுவது மூன்று விஷயங்கள்: ஊசி புக், பஞ்சாயத்து லைசென்ஸ், உங்களை ஏற்கெனவே தெரிந்த ஒரு பாலியேட்டிவ் சிஸ்டர் (தீராத நோயில் படுத்திருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, வலி தணித்துப் பராமரிக்கும் செவிலியர்).

1. முதல் மூன்று மாதம் நாய் இல்லாமல் போங்கள்

இதைத்தான் நான் தலைகீழாகச் செய்தேன். நாயைத் தயார் செய்துவிட்டு இடம் தேடினேன். முதலில் இடத்தைத் தேடியிருக்க வேண்டும்.

கேரளத்தில் ஒவ்வொரு கிராம பஞ்சாயத்திலும் ஒரு பாலியேட்டிவ் பிரிவு இருக்கிறது. அங்குள்ள ஆரம்ப சுகாதார மையம் அல்லது குடும்பாரோக்ய கேந்திரத்தோடு சேர்ந்து அது இயங்கும். ஒரு சிஸ்டர், ஆஷா வர்க்கர் (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்), சில நேரம் வார்டு மெம்பர், இவர்களோடு தொண்டர்கள் என ஒரு வண்டியில் படுக்கை நோயாளிகளின் வீடுகளுக்குப் போவார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, டியூப் மாற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. தொண்டர்களுக்கு எப்போதும் பஞ்சம்தான். அங்கே போய், “எனக்கு ஒரு நாய் இருக்கிறது” என்று தொடங்காதீர்கள். “வாரத்தில் ஒரு நாள் வருகிறேன், என்ன வேலை இருந்தாலும் சொல்லுங்கள்” என்று தொடங்குங்கள்.

நான் மூன்று மாதம் பை தூக்கினேன், ரிஜிஸ்டர் எழுதினேன், ஒரு தாத்தாவுக்கு நாளிதழ் வாசித்துக் காட்டினேன். அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது எந்த வீட்டில் வாசற்படி உயரம், எந்தக் கட்டிலுக்கு அடியில் சிறுநீர்ப் பை தொங்குகிறது, எந்த வீட்டில் ஏற்கெனவே கட்டிப் போட்ட நாய் இருக்கிறது, எந்தப் பாட்டிக்குச் சின்ன வயதில் நாய் கடித்திருக்கிறது என்பதெல்லாம். சிஸ்டருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. நாயைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. என் போனில் சுக்குவின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அவரே கேட்டார்.

படுக்கை நோயாளிகள் வேண்டாம் என்றால் வேறு இடங்களும் உண்டு. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகப் பஞ்சாயத்துகள் நடத்தும் பட்ஸ் பள்ளிகள், பெரியவர்கள் பகலில் கூடும் பகல்வீடுகள், தனியார் முதியோர் இல்லங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு பகல்வீடுதான் எளிது என்பது என் எண்ணம். அங்கே வருகிறவர்கள் எழுந்து நடமாடுகிறவர்கள். பிடிக்காவிட்டால் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ள அவர்களால் முடியும். கட்டிலில் கிடப்பவரால் அது முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி, கோவை பக்கம் இருப்பவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுகளுக்குப் போகும் செவிலியரை இதேபோல முதலில் போய்ப் பாருங்கள்.

2. உங்கள் நாய் இதற்கு ஆகுமா?

ஜாதி முக்கியமில்லை. சுக்கு பாதி லாப்ரடார், பாதி நாட்டு நாய். சுக்கு நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களை மட்டும் பாலக்காட்டு வெயிலில் அலைக்கழிக்க வேண்டாம், மூச்சு வாங்கியே சோர்ந்துவிடும்.

வயது ஒன்றாவது நிரம்பியிருக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு வல்லுநர்களின் சங்கம் ஒன்று 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. புதிதாகத் தத்தெடுத்த நாய் என்றால் உங்களோடு குறைந்தது ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்றும், கடந்த 90 நாளில் பச்சை இறைச்சி சாப்பிட்டிருக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நாம் கறிக்கடையில் வாங்கிவரும் கழிவை அப்படியே போடுகிறவர்கள். அதை நிறுத்துங்கள், வேகவைத்துப் போடுங்கள். பச்சைக் கறியிலிருந்து சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நாயின் குடலில் தங்கி, அது நக்கும் கை வழியாக நோயாளிக்குப் போகும். நாய்க்கு ஒன்றும் தெரியாது, சுகமாகத்தான் இருக்கும்.

குணத்தைப் பொறுத்தவரை, எல்லோரிடமும் பாய்ந்து போய்க் கொஞ்சும் நாய் நல்ல தெரபி நாய் என்று நினைத்துவிடாதீர்கள். பாய்கிற நாய் பாட்டியைத் தள்ளிவிடும். அந்நியர் கை நீட்டினால் விலகாமல், ஓடிப்போய் ஏறாமல், பக்கத்தில் வந்து நிற்கிற நாய்தான் வேண்டும். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை இடுக்கிக்கொள்வது இவையெல்லாம் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று நாய் சொல்வது. உறுமல் வரைக்கும் காத்திருக்காதீர்கள். நாய்க்கு விருப்பமில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். நாய் இல்லாமல் போகிற தொண்டருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

3. ஊசி, புக், டாக்டர் கடிதம்

நான் இரண்டு மாதத்தை இங்கேதான் தொலைத்தேன். பழைய ஊசிக்கு ஆதாரம் இல்லாததால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

ரேபிஸ் ஊசி ஆண்டுதோறும். குட்டியாக இருந்தால் மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி. முதல் தடவை போட்டபின் எதிர்ப்புச் சக்தி வர மூன்று வாரமாவது ஆகும். ஊசி போட்ட மறுநாளே வருகைக்குப் போகலாம் என்று எண்ண வேண்டாம். அடுத்தது டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டு ஊசி. கடைகளில் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்பார்கள். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கு வரக்கூடியது. மழைக்காலத்தில் வயல் தண்ணீரில் புரளும் நம் ஊர் நாய்களுக்கு அதை விட்டுவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை, மாதா மாதம் உண்ணி மருந்து. மாட்டுத் தொழுவம் பக்கத்தில் இருந்தால் உண்ணியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு ஊசிக்கும் புக்கில் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: தேதி, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் அல்லது பேட்ச் எண், அடுத்த ஊசியின் தேதி, பதிவு எண்ணோடு டாக்டரின் கையெழுத்து முத்திரை. ஸ்டிக்கர் ஒட்டாமல் வெறுமனே ‘ஏ.ஆர்.வி.’ (ரேபிஸ் தடுப்பூசி) என்று எழுதிக் கொடுத்தால் அங்கேயே நின்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் போய்க் கேட்டால் குப்பி குப்பைக்குப் போயிருக்கும்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாம் பக்கமென்று பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போய் ஊசி போட்டு வந்துவிடுகிறோம். மருந்து ஒன்றுதான், செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான் போன ஓர் அலுவலகத்தில், “நம்ம மிருகாசுபத்திரி டாக்டர் எழுதிய சர்டிபிகேட் கொண்டுவாங்க” என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். வாதாடுவதைவிட, ரேபிஸ் ஊசியை மட்டும் உங்கள் பஞ்சாயத்து மிருகாசுபத்திரியில் (நாம் மாட்டாஸ்பத்திரி என்போமே, அதுதான்) போட்டுவிடுவது மேல். எனக்குச் சான்றிதழோடு 100 ரூபாய்க்குள் முடிந்தது.

அதே டாக்டரிடம் இன்னொரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். தோல் நோய் இல்லை, மலப் பரிசோதனையில் புழு இல்லை, பரிசோதித்தபோது அமைதியாக ஒத்துழைத்தது என்று மூன்று வரி போதும். நாயின் நிறம், வயது, அடையாளம் அதில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். பெட்டை நாய் என்றால் கருத்தடை செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று வாரம், வருகையை நிறுத்த வேண்டியிருக்கும். பின்னால் வரும் தெருநாய்ப் பட்டாளம் தனிக் கதை.

உங்களுக்கும் ஊசி உண்டு. நாய்களோடு அதிகம் புழங்குகிறவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் ஊசி மூன்று தவணை: முதல் நாள், 7-ம் நாள், பிறகு 21 அல்லது 28-ம் நாள். கட்டாயமில்லை. நான் போட்டுக்கொண்டேன்.

4. பஞ்சாயத்து லைசென்ஸ்

கேரளத்தில் வீட்டு நாய்க்கு உள்ளாட்சி லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1998-ம் ஆண்டு விதிகளிலிருந்தே இருக்கிறது. பாதிப் பேர் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நாயோடு அடுத்தவர் வீட்டுக்குள் போகிறவர் எடுத்தே ஆக வேண்டும்.

ரேபிஸ் ஊசிச் சான்றிதழ், ஆதார், வீட்டு வரி ரசீது (வாடகை வீடென்றால் ஒப்பந்த நகல்), நாயின் படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அக்ஷயா மையத்துக்கு (கேரளத்தின் இ-சேவை மையம்) போனால் ஆன்லைனில் விண்ணப்பித்துத் தருவார்கள். கட்டணம் சிறியதுதான். அக்ஷயாவில் கொடுக்கும் கூலி அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். கையில் கிடைத்ததும் முதலில் முடிவுத் தேதியைப் பாருங்கள். ஊசி தேதியும் லைசென்ஸ் தேதியும் வெவ்வேறு மாதத்தில் முடிந்தால் ஆண்டுக்கு இருமுறை அலைச்சல்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ச் சிறுபான்மையினர் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்க 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். அதே சமயம், வேலை நடக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஒரு மலையாளப் பிரதியையும் பின் பண்ணி வையுங்கள். என் தமிழ் விண்ணப்பம் வாசிக்க ஆளில்லாமல் மூன்று வாரம் மேஜையில் கிடந்தது. மலையாளப் பிரதி கொடுத்த நான்காம் நாள் கையெழுத்தானது.

5. பயிற்சி: சும்மா இருக்கக் கற்றுக்கொள்வது

கை கொடுப்பது, பந்து எடுத்து வருவது எல்லாம் இங்கே உதவாது. சத்தம், கூட்டம், வாசனை, தடுமாறும் கை இவற்றின் நடுவே பேசாமல் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அது கஷ்டம்.

அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ‘கேனைன் குட் சிட்டிசன்’ தேர்வில் பத்து அம்சங்கள் உண்டு. அந்நியர் அருகில் வரும்போது அமைதி, தடவும்போது உட்கார்ந்திருத்தல், கயிறு இழுபடாமல் நடத்தல், கூட்டத்துக்குள் நடத்தல், உட்கார் படு நில், கூப்பிட்டால் வருதல், இன்னொரு நாயைப் பார்த்தும் பொறுமை, உரிமையாளர் கண்ணில் படாமல் மூன்று நிமிடம் இருத்தல் என்று போகும். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, நம் வீடுகளுக்கு ஏற்றபடி நான் ஒரு பட்டியல் போட்டேன்.

எவர்சில்வர் தட்டைச் சிமெண்டுத் தரையில் பின்னாலிருந்து போடுதல். ஊன்றுகோலும் வாக்கரும் பக்கத்தில் தட்டித் தட்டிப் போவது. குடையைப் பட்டென்று விரிப்பது. டெட்டால் வாசனை. காதைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. (வாதம் வந்த கை பிடித்தால் எளிதில் விடாது. அதற்கு நாயைப் பழக்கினாலும், அவர் விரல்களை மெதுவாகப் பிரிக்க நீங்களும் பழக வேண்டும்.) திடீரென்று அழும் குரல். வழுக்கும் டைல்ஸ் தரை.

இதில் எல்லாவற்றுக்கும் மேலே ‘விடு’ என்ற சொல். படுக்கை நோயாளி வீட்டில் கட்டிலைச் சுற்றி மாத்திரை விழுந்து கிடக்கும். வலிக்கு மார்ஃபின் சாப்பிடுகிறவர்கள் உண்டு. பாராசிட்டமாலே நாய்க்கு ஆகாது. கீழே கிடப்பதை உங்கள் ‘விடு’ கேட்டதும் நாய் விட்டுவிட வேண்டும். பூந்தியைத் தரையில் போட்டுப் பழக்கினேன். ஐந்து வாரம் ஆனது. வீட்டுக்காரர்கள் அன்பாகக் கொடுப்பதும் ஆபத்துதான். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் வெங்காயமும் விஷம். “வயிறு சரியில்லைங்க, டாக்டர் எதுவும் கொடுக்கக் கூடாதுன்னுட்டார்” என்ற பொய்யை நான் கூசாமல் சொல்கிறேன்.

டிரெய்னர் வைப்பதா? பாலக்காட்டிலும் கோவையிலும் கிடைப்பார்கள். ஆனால் பலர் காவல் நாய் பழக்கிப் பழகியவர்கள். அடித்து, கழுத்தில் முள் பெல்ட் போட்டுப் பழக்குகிறவரிடம் ஒருநாளும் விடாதீர்கள். பயத்தில் அடங்கிய நாய், பயப்படுத்தாத பாட்டியிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. நான் வீட்டிலேயே தினமும் பதினைந்து நிமிடம் செய்தேன். நான்கு மாதம் ஆனது.

6. அனுமதிக் கடிதம்

வாய்ச்சொல் போதாது. பஞ்சாயத்துச் செயலாளருக்கு ஒரு கடிதம், சுகாதார மையத்தின் மெடிக்கல் ஆபீசருக்கு ஒரு நகல். பாலியேட்டிவ் குழுவோடு மட்டுமே போவேன், தனியாகப் போக மாட்டேன் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். இணைப்பாக ஊசி புக் நகல், லைசென்ஸ், டாக்டர் கடிதம். முதல் மாதம் ஒரே ஒரு வீட்டில் சோதித்துப் பார்க்கிறோம் என்று கேட்டால் சம்மதிப்பது எளிது. ‘திட்டம்’, ‘இயக்கம்’ என்று பெரிய வார்த்தை போட்டால் கமிட்டிக்கு விடுவார்கள். எனக்கு அப்படித்தான் ஒரு மாதம் போனது.

பட்ஸ் பள்ளி அல்லது குழந்தைகள் இல்லம் என்றால் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் கேட்கலாம். கேரள போலீஸின் ‘துணா’ இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளை நாயோடு படம் எடுத்துப் போடும் ஆசையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவுப்படி குற்றம்.

7. வீட்டுக்காரர் சம்மதம்

நோயாளி சொல்ல வேண்டும், வீட்டில் மற்றவர்களும் சொல்ல வேண்டும். மகன் “கொண்டுவாங்க” என்பார், கட்டிலில் இருக்கும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தத் திரும்பல்தான் பதில். பேச முடியாதவர்களிடம் முதலில் போனில் நாயின் படத்தைக் காட்டுங்கள். கண் போகிற போக்கில் தெரிந்துவிடும்.

முஸ்லிம் வீடுகளில் நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்யும் முறை வேறு, அது அவர்களுக்குப் பெரிய வேலை. சிஸ்டர் மூலம் முன்பே கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல், நாயை விட்டுவிட்டு வழக்கம்போலப் போங்கள். சில இந்து வீடுகளில் நடுவீட்டைத் தாண்டக் கூடாது, பூஜை அறைப் பக்கம் போகக் கூடாது. திண்ணையிலேயே உட்கார்ந்து வந்த வீடுகள் எனக்கு நிறைய உண்டு.

இந்தப் பக்கத்தில் தெருநாய் கடித்த கதை இல்லாத தெரு இல்லை. “ஏனுங்க, கடிக்குமுங்களா?” என்பதுதான் எந்த வீட்டிலும் முதல் கேள்வி. “கடிக்கவே கடிக்காது” என்று சொல்லாதீர்கள். “இதுவரை கடித்ததில்லை, கயிறு என் கையில்தான் இருக்கும்” என்பதே உண்மையான பதில். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே கிட்ட வருவார்கள், அல்லது வர மாட்டார்கள்.

யாரிடம் போகவே கூடாது என்பதைச் சிஸ்டர் முடிவு செய்யட்டும். கீமோ எடுத்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், தொண்டையில் துளையிட்டவர்கள், மூடாத புண் உள்ளவர்கள், நாய் முடி ஒவ்வாதவர்கள்.

8. போகும் நாள்

முந்தின நாள் குளிப்பாட்டி, நன்றாகக் காயவைத்து, நகத்தை அரத்தால் மழுக்கிவிடுங்கள். காலையில் சிஸ்டருக்குப் போன் செய்யாமல் கிளம்பாதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்யாமல் போனேன். நாளிதழ் வாசித்த அந்தத் தாத்தாவின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. சுக்கு வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே இழுத்தது. துஷ்டி வீட்டு வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பையில் இருக்க வேண்டியவை: ஃபைல், தண்ணீர், கிண்ணம், சானிடைசர், ஈரத்துணி, கழிவுப் பை, வீட்டுக்கு ஒன்றாகத் துவைத்த பழைய பெட்ஷீட். பெட்ஷீட்டை விரித்து அதன்மேல்தான் நாய். ஒரு வீட்டுத் துணி அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. தொடும் முன்னும் தொட்ட பின்னும் எல்லோர் கைக்கும் சானிடைசர். நக்கவிடக் கூடாது, முக்கியமாக முகத்தையும் கட்டுப் போட்ட இடத்தையும். நீளும் கயிறு வேண்டாம், நான்கடிச் சாதாரணக் கயிறு போதும்.

ஒரு வீட்டில் பதினைந்து நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று முன்பு சொன்ன அதே வழிகாட்டுதல் சொல்கிறது. என் அனுபவத்தில் மூன்று வீட்டுக்கு மேல் நாயின் முகமே மாறிவிடும். வாரம் ஒரு நாள் போதும். மார்ச் முதல் மே வரை பாலக்காட்டில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அந்த மாதங்களில் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது.

9. ஏதாவது நடந்துவிட்டால்

எனக்கு நடந்தது. வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. சுக்கு எழுந்தபோது நகம் உரசி ஒரு பாட்டியின் முன்கையில் இரண்டு அங்குலம் கிழிந்துவிட்டது. நாய் ஒன்றும் செய்யவில்லை, நான்தான் நகத்தை வெட்டிவிட்டு அரம் போடாமல் போயிருந்தேன்.

கடியோ கீறலோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பிறகு சுகாதார மையம். “எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு, வேண்டாம்” என்று நீங்கள் முடிவெடுக்காதீர்கள், அது டாக்டரின் வேலை. புக்கைக் காட்டுங்கள். நாயைப் பத்து நாள் வீட்டிலேயே கண்காணிப்பில் வைத்திருங்கள். அன்றே குழுவுக்கு எழுதிக் கொடுங்கள், மறைத்தால் உங்கள் பெயரோடு குழுவின் பெயரும் போகும். விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்து மனிதருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சில காப்பீட்டு நிறுவனங்களின் நாய்க் காப்பீட்டில் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இழப்பீடும் சேர்ந்திருக்கும். வாங்குமுன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

10. எவ்வளவு ஆகும்?

எனக்கு முதல் ஆண்டில் ஆனது, அந்த மஞ்சள் சட்டையைக் கழித்துவிட்டு: கூட்டு ஊசிகளும் பரிசோதனைகளும் 2,600, கருத்தடை 6,000, உண்ணி பூச்சி மருந்துகள் 3,200, கயிறு ஹார்னஸ் 900, காகிதம் நகல் அக்ஷயா 400, போக்குவரத்து தனி. கருத்தடை ஏற்கெனவே செய்திருந்தால் கிட்டத்தட்டப் பாதிச் செலவு குறையும். பணத்தைவிட நேரம்தான் அதிகம் போகும். முதல் மூன்று மாதத் தொண்டு, ஊசிகள், பயிற்சி மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுங்கள். நான் ஒன்று முடிந்து ஒன்று என்று போனேன்.

11. வீடு திரும்பியதும்

காலைத் துடைத்து, உண்ணி பார்த்து, தண்ணீர் வைத்து விட்டுவிடுங்கள். அன்று நாய் அடித்துப் போட்டாற்போல் தூங்கும். மறுநாளும் சோர்வாக இருந்தாலோ பேதியானாலோ அடுத்த வாரம் ஓய்வு. ஒரு நோட்டில் தேதி, வீடு, எத்தனை நிமிடம், நாய் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். நான்கு மாதம் கழித்து என் நோட்டைப் புரட்டியபோதுதான் ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போன ஒவ்வொரு முறையும் ‘கொட்டாவி’ என்று எழுதியிருந்தது தெரிந்தது. அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டை விட்டோம்.

சுக்குவுக்கு இப்போது ஏழு வயது. செவ்வாய்க்கிழமை காலையில் பெல்ட்டை எடுத்தால் வாசலுக்கு வந்து நிற்கும். சில வாரம் எடுத்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அன்றைக்கு பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு, சிஸ்டரின் பையைத் தூக்க நான் மட்டும் போகிறேன்.